கதிரையைக் குந்து ஆக்கிய மாமிக்கு

கோபிக்கத் தெரியாத என் மாமிக்கு,

நீங்கள் போய் முப்பத்தொரு நாள் முடிந்துவிட்டது. நேற்றுப் படையல் வைத்தோம். வந்தவர்கள் சாப்பிட்டு, வெற்றிலை போட்டு, உங்களைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை பேசிவிட்டுப் போனார்கள். நான் மட்டும் வாய் திறக்கவில்லை. பேசிப் பேசியே சம்பளம் வாங்குகிற வாத்தியார் பேசாமல் இருந்ததைக் கண்டு உங்கள் மகள் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள், காய்ச்சலோ என்று.

காய்ச்சல் இல்லை மாமி. சொல்ல வேண்டியது பெரிதாக இருந்தது, அவ்வளவுதான். அதனால் எழுதுகிறேன். உங்களுக்கு வாசிக்கத் தெரியாது என்பது எனக்குத் தெரியும். உங்களுக்குப் பதிலாக ஊரார் வாசிக்கட்டும். அவர்களுக்கும் தெரியாத சங்கதி ஒன்று இதில் இருக்கிறது.

யாழ்ப்பாணத்தில் வாத்தியார் பயிற்சி முடித்து, தலை நிறைய இலக்கணத்தோடு உங்கள் வீட்டுக்கு மருமகனாக வந்தவன் நான். நம் மட்டக்களப்புப் பக்கத்து வழக்கப்படி மாப்பிள்ளைதானே பெண் வீட்டுக்குக் குடிவருகிறான். வந்த முதல் நாளே நீங்கள் சொன்னீர்கள், "மருமகன், அந்தக் குந்தில இரிங்க" என்று. எனக்குத் தெரிந்த குந்து, வாசலில் மண்ணால் எழுப்பி மெழுகியிருக்கும் சிறிய மேடு. பட்டு வேட்டியோடு வெளியே போய் அந்த மண்ணில் உட்கார்ந்தேன். உள்ளே பெண்கள் சிரித்த சிரிப்பு இப்போதும் என் காதில் இருக்கிறது. நீங்கள் காட்டியது உள்ளே கிடந்த, சாய்ந்து உட்காரும் மரக் கதிரையை.

எத்தனை கேலி செய்திருப்பேன் அதைச் சொல்லி. உலகத்துக்கே கதிரை, உங்கள் வீட்டுக்கு மட்டும் குந்து. நெற்கதிரை நீங்கள் முகம் என்றீர்கள். வயல் பக்கம் கையைக் காட்டி, "வட்டையில நெல்லு முகம் காட்டிட்டு மருமகன், போய்ப் பாருங்க" என்று மகிழ்ச்சியாகச் சொல்வீர்கள். கதிர்காமத்துக்கு யாத்திரை போகிறவர்களைக் காட்டுக்கோயிலுக்குப் போகிறார்கள் என்பீர்கள். படிக்காத பெண், வாய்க்கு வந்ததைச் சொல்கிறார் என்று நினைத்தேன். உங்கள் மகளைக் கேட்டேன். "நான் பிறந்த நாளில இருந்து அது குந்துதான். அம்மா அப்படித்தான் சொல்லுவா. இதுல என்ன கிடக்கு?" என்றாள்.

அதைவிட வேடிக்கை, தெருவும் அப்படியே சொன்னது. அந்தத் தெருவில் முதன்முதல் கதிரை வந்த வீடு உங்கள் வீடு அல்லவா? கல்யாணம் என்றாலும் பெரிய மனிதர் வருகிறார் என்றாலும் உங்களிடம்தான் இரவல் கேட்டு வருவார்கள். கேட்கிறவர்கள் கொடுக்கிறவரின் சொல்லால் கேட்டுப் பழகிவிட்டார்கள். "மாமி, ரெண்டு குந்து தாங்க, நாளைக்குக் கொண்டு வந்து தாறம்." அவர்களுடைய பிள்ளைகளுக்கு வேறு சொல்லே தெரியாது.

ஏழு வருடம் அந்த வீட்டில் உண்டு உறங்கியவனின் நாக்கு மட்டும் தப்புமா? பள்ளிக்கூடத்தைப் பரிசோதிக்க வித்தியாதரிசி வந்தார். பட்டணத்து மனிதர், கோட்டும் தலைப்பாகையும். நான் பவ்வியமாக முன்னால் போய், "ஐயா, அந்தக் குந்தில் இருங்கள்" என்றேன்.

அவர் நிலத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "குந்தா? என்னை வாசலில் குந்தியிருக்கச் சொல்கிறீரா?" என்றார். பிள்ளைகளுக்கு முன்னால் கதிரையைக் கையால் தட்டிக் காட்டி, "இதற்கு என்ன பெயர்? நல்ல தமிழில் சொல்லும்" என்று கேட்டார். முதல் வகுப்புப் பிள்ளையிடம் கேட்பது போலக் கேட்டார். நான் சொன்னேன். போகும்போது பதிவுப் புத்தகத்தில், ஆசிரியரின் தமிழ் கொச்சையானது என்று எழுதிவிட்டுப் போனார். எனக்கு வரவேண்டிய தலைமை வாத்தியார் பதவி அந்த வருடம் வேறொருவருக்குப் போனது.

மாமி, அன்று வீட்டுக்கு வந்து நான் போட்ட கூச்சலை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது. நீங்கள் முற்றத்தில் பாயில் நெல் காயவைத்துக்கொண்டு நின்றீர்கள். குளிக்காமல் கொள்ளாமல், கையில் இருந்த குடையைக்கூட வைக்காமல் தொடங்கிவிட்டேன். உங்கள் குந்தால் என் மானம் போனது, பதவி போனது என்றேன். பிறகு அந்தக் கதிரையை இழுத்து வந்து உங்களுக்கு முன்னால் வைத்தேன்.

"சொல்லுங்க மாமி. கதிரை. மூண்டு எழுத்து. ஒருக்காச் சொல்லுங்க, நான் பேசாமப் போறன்."

"மருமகன், அது என்னால ஒண்ணா."

"ஏன் ஒண்ணா? வாய் இல்லையா உங்களுக்கு?"

நீங்கள் கையில் ஒட்டியிருந்த நெல்லைத் தட்டிவிட்டு உள்ளே போனீர்கள். அது ஒன்றுதான் நான் உங்களோடு பிடித்த சண்டை. சண்டை என்றும் சொல்ல முடியாது, நான் மட்டும்தானே கத்தினேன்.

அதன் பிறகு நாலு வருடம். எனக்கு முன்னால் குந்து என்ற சொல் உங்கள் வாயில் வரவேயில்லை. நான் பள்ளிக்கூடம் விட்டு வரும் நேரம் பார்த்துக் கதிரையை நீங்களே தூக்கி வந்து வைப்பீர்கள், ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய்விடுவீர்கள். நெல் முகம் காட்டிய செய்தியும் எனக்கு வருவது நின்றுபோனது. வயல் விளைந்ததை வேலைக்காரர்கள் சொல்லித்தான் அறிந்தேன். சோறு குறையவில்லை, மரியாதை குறையவில்லை. பேச்சு மட்டும் குறைந்தது. நான் அதை என் வெற்றி என்று எண்ணிக்கொண்டிருந்தேன். எவ்வளவு பெரிய மடையன் நான்.

உலக யுத்தம் வந்தது. அரிசிக்குக் கூப்பன் கொடுக்க ஊரை எழுதும் வேலை எங்கள் பள்ளிக்கூடத்தில் நடந்தது. அரசாங்கக் கச்சேரியில் இருந்து வந்த இளம் கிளாக்கர் ஒரு மேசையில், உதவிக்கு நான் இன்னொரு மேசையில். நீங்கள் அவருடைய வரிசையில் நின்றீர்கள். இல்லாத ஆட்களுக்கெல்லாம் சிலர் கூப்பன் எடுக்கிறார்கள் என்று அவருக்கு ஏற்கெனவே எரிச்சல்.

"புருசன்ட பேர்?" என்றார்.

நீங்கள் பேசாமல் நின்றீர்கள். பின்னால் நின்ற பெண் ஒருத்தி உங்களுக்காகச் சொல்ல வாயெடுத்தாள். அவர் கையைக் காட்டி அவளை நிறுத்தினார். "நீங்க சொல்ல வேணாம். அவவே சொல்லட்டும். புருசன்ட பேர் தெரியாத மனிசி எங்கயாவது இரிக்காளா? சொல்லாட்டிக் கூப்பன் இல்ல."

மனைவி கணவன் பெயரைச் சொல்வதில்லை என்பது எனக்கு மட்டும் தெரியாதா? எல்லா வீட்டிலும் உள்ளதுதான். நான் எழுந்து வந்து சொல்லியிருக்கலாம். ஆனால் வயல் நிறைய வைத்திருந்த உங்கள் கணவரை ஊர் முழுக்கப் போடியார் என்றே சொல்லும். நான் வருவதற்கு முன்பே காலமானவர். அவருடைய முழுப் பெயரைக் கல்யாண எழுத்தின்போது ஒருமுறை கேட்டதோடு சரி. அது என்னவென்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே நீங்கள் சேலைத் தலைப்பை இழுத்துத் தலையை மூடிக்கொண்டு பேசத் தொடங்கினீர்கள்.

"ஐயா, நீங்க ஏறி இரிக்கிறீங்களே, அந்த நாலு காலுள்ள சாமானுக்கு ஊராக்கள் ஒரு பேர் சொல்லுவாங்க. நான் சொல்லுறதில்ல. அதுல தொடங்கும். வட்டையில நெல்லுக்கு மேல வாறதுக்கும் ஊராக்கள் அப்படித்தான் சொல்லுற. காட்டுக்கோயில் சாமிட ஊருக்கும் அதுதான். மறுகா, வயல் கூட வெச்சிரிக்கிற பெரியாக்களச் சொல்லுற பேர் ஒண்டு வரும்."

கிளாக்கர் தான் இருந்த கதிரையைக் குனிந்து பார்த்தார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை.

இந்த இடத்தில் காதைப் பொத்திக்கொள்ளுங்கள் மாமி. வாசிக்கிறவர்களுக்காக ஒரேயொரு முறை எழுதுகிறேன். கதிராமப்போடி. கதிர்காமம் நம் ஊர் வாயில் கதிராமம்தானே, மாமாவின் பெயர் அதுதான்.

என் கதிரையில் இருந்து எப்போது எழுந்தேன் என்று எனக்குத் தெரியாது. எழுந்து நின்றுகொண்டிருந்தேன். கதிர், கதிரை, கதிர்காமம். இந்த மூன்றையும் ஒரு பெண் தன் வாயில் இருந்து எடுத்து வைத்துவிட்டிருக்கிறார். நெல் விளைகிற ஊரில் இருந்துகொண்டு, கதிர் என்ற சொல் இல்லாமல் ஒரு ஆயுள். அந்த மனிதர் இறந்து பதினாறு வருடத்துக்குப் பிறகும். அந்தப் பெண்ணுக்கு முன்னால் கதிரையை இழுத்து வைத்து, ஒருக்காச் சொல்லுங்கள் என்று கத்தியவன் நான். அவருடைய கணவன் பெயரை என் முன்னால் சொல்லச் சொல்லி அடம்பிடித்திருக்கிறேன், நாலு வருடம் அதை வெற்றி என்று வேறு நினைத்திருக்கிறேன்.

கூப்பனை வாங்கிக்கொண்டு வாவிக் கரையால் இருவரும் நடந்து வந்தோம். பாதி வழியில்தான் கேட்டேன்.

"அப்ப ஏன் மாமி அண்டைக்கே சொல்லயில்ல?"

"என்னண்டு சொல்லுற? காரணத்தச் சொன்னா பேரைச் சொன்ன மாதிரித்தானே."

"குந்து எண்டு எப்படி வந்திச்சு?"

"அந்த மனிசன் தோணியில மட்டக்களப்புக்குப் போய் அதை வாங்கிட்டு வந்தார். வீட்டுக்குள்ள கொண்டு வந்து வெச்சிட்டு, எப்படி இரிக்கி எண்டு கேட்டார். நான் அதை ஏதாச்சும் பேர் சொல்லித்தானே கதைக்கணும்? வாசல்ல கிடந்த குந்தத்தான் கண்டன். உங்கட குந்து நல்லாரிக்கி எண்டு சொன்னன். அவருக்குச் சிரிப்பு."

"முகம்?"

"அது ஞாபகமில்ல மருமகன். வந்திட்டு. அவ்வளவுதான்."

அந்த அவ்வளவுதான் என்பதில் நான் அசந்துபோனேன். சொற்களின் பொருள் ஏன் மாறுகிறது என்று எங்களுக்குப் பயிற்சிக் கல்லூரியில் பாடம் நடத்தியிருக்கிறார்கள். நாற்றம் ஒரு காலத்தில் நறுமணம், இன்று துர்நாற்றம் என்று உதாரணம் தருவார்கள். எல்லா வாத்தியார்களும் அந்த ஒரே உதாரணத்தில் வண்டி ஓட்டுகிறவர்கள்தான், நானும் ஓட்டியிருக்கிறேன். சொல் பழசாகும், சனங்கள் கவனமில்லாமல் பேசுவார்கள், பொருள் கெடும் என்று நாங்கள் படித்தோம். கவனமில்லாமலா? உங்களைப் போல் கவனமாகப் பேசிய ஒருவரை நான் கண்டதில்லை. ஒவ்வொரு வசனத்திலும் அந்த மூன்று சொற்களும் இருக்கிற இடத்தைப் பார்த்து, காலை விலக்கி வைத்து நடந்திருக்கிறீர்கள்.

பிறகு யோசிக்க யோசிக்க, எங்கே பார்த்தாலும் அதையே கண்டேன். ஊரை அழிக்கிற நோயை அம்மாள் என்று தாயின் பெயரால் அழைக்கிறோம். கடித்தால் பிழைக்க முடியாத பாம்புக்கு நல்ல பாம்பு என்று பெயர். பயந்த யாரோ ஒருவர், ஏதோ ஒரு வீட்டில், முதன்முதல் அப்படிச் சொல்லியிருக்க வேண்டுமே. அந்த வாய் யாருடையது? எந்தப் புத்தகத்திலும் இல்லை. பயத்தாலும் மரியாதையாலும் ஆசையாலும் சொல்லைத் தள்ளி வைத்தவர்கள் எல்லோரும் போய்விட்டார்கள். அவர்கள் தள்ளி வைத்த இடத்தில் இருந்து நாங்கள் பேசிக்கொண்டிருக்கிறோம். இத்தனை வயதில், வாத்தியார் வேலை பார்க்கிற எனக்கு, நான் பேசுகிற தமிழைக் கண்டு முதன்முறையாக உடம்பு சிலிர்த்தது மாமி.

வித்தியாதரிசி நல்ல தமிழ் என்று தட்டிக் காட்டினாரே கதிரையை, அது போர்த்துக்கேயர் கப்பலில் வந்த சொல். அவர்கள் வருவதற்கு முன் அப்படியொரு சொல் இங்கே இல்லை. குந்துதான் நம் மண்ணின் சொல். இதை அறிந்தபோது அவருக்குக் கடிதம் எழுத வேண்டும் என்று கை துடித்தது. உங்களிடம் சொன்னேன். "விடுங்க. அவர் எங்க இரிந்தாரோ அங்கயே நல்லா இரிக்கட்டும்" என்றீர்கள். எழுதவில்லை.

உங்களிடம் மன்னிப்புக் கேட்க எனக்கு எட்டு நாள் எடுத்தது. வார்த்தை ஒன்றும் சரியாக வரவில்லை. கடைசியில் ஒரு பின்னேரம் வீட்டுக்கு வந்து, நீங்கள் கதிரையைத் தூக்க வருவதற்குள் நானே கேட்டேன், "மாமி, எனக்கு ஒரு குந்து எடுத்துத் தாங்க" என்று. நீங்கள் சிரித்தீர்கள், முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு. "மறுகாப் பள்ளிக்கூடத்திலயும் சொல்லிப்போடாதீங்க" என்றீர்கள். அந்தப் போகத்தில் நெல் முகம் காட்டியதை முதலில் எனக்குத்தான் வந்து சொன்னீர்கள்.

உங்கள் மகளையும் விடவில்லை நான். "என்ர பேருக்காக நீ எந்தச் சொல்லை விட்டாய்?" என்று கேட்டேன். கல்யாணம் முடித்துப் பதினொரு வருடம், ஒருநாளும் இதை யோசித்ததில்லை. அவள் சிரித்துவிட்டு, "விட்டதச் சொல்லிக் காட்டினா மறுகா விட்டதா ஆகுமா?" என்றாள். இன்றுவரைக்கும் நான் கண்டுபிடிக்கவில்லை. அவள் பேசும்போது காதைத் தீட்டிக்கொண்டு கேட்கிறேன், எங்கோ ஒரு சொல் இல்லாமல் இருக்கிறது, எது என்று பிடிபடவில்லை.

இப்போது ஊர்ச் செய்தி ஒன்று சொல்கிறேன். போன மாதம் பள்ளிக்கூடத்துக்குப் புதிதாக மேசை முதலான தளபாடம் செய்ய ஓடாவியார் வந்தார். வாவிக்கு மறுபக்கம், படுவான்கரையில் இருந்து வந்த தச்சர். உங்களைத் தெரியாதவர், மாமாவைக் கண்டும் இராதவர். அளவு நாடாவை விரித்துக்கொண்டு கேட்கிறார், "எத்தின குந்து வேணும் வாத்தியார்?" என்று. யார் சொல்லித் தந்த சொல் என்று கேட்டேன். "இதென்ன கேள்வி? குந்துக்குக் குந்து எண்டுதானே சொல்லுற" என்றார். உங்கள் சொல் தோணி ஏறி அக்கரைக்குப் போய்விட்டது மாமி. ஒரு பெண் ஒரு ஆணின் பெயரைச் சொல்லாமல் விட்டதால் ஆனது என்று அங்கே ஒருவருக்கும் தெரியாது. தெரிய வேண்டிய தேவையும் இல்லாமல் அது தன் பாட்டில் வாழ்கிறது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவர் கூலியை நினைத்துக் கலங்குகிறேன் என்று நினைத்திருப்பார்.

அந்தக் குந்துகள் பள்ளிக்கூடத்துக்கு வந்து சேர்வதற்குள் உங்களுக்குக் காய்ச்சல். ஐந்தாம் நாள் நீங்கள் போய்விட்டீர்கள்.

மரணப் பதிவுக்கு நான்தான் போனேன். பதிவுகாரர் பேனாவை மையில் தோய்த்துக்கொண்டு, இறந்தவர் பெயர் என்ன என்று கேட்டார்.

"மாமி" என்றேன்.

"அது உங்கட உறவு வாத்தியார். பேர்?"

எனக்குத் தெரியும். கல்யாண எழுத்தில் பார்த்திருக்கிறேன், காணி உறுதியில் பார்த்திருக்கிறேன், பிறகு வந்த கூப்பனில் என் கையாலேயே எழுதியிருக்கிறேன். வாயைத் திறந்தேன். வரவில்லை. பதினெட்டு வருடம் உங்களை மாமி என்றே அழைத்த வாய். பயமா, மரியாதையா, ஆசையா, ஒன்றும் விளங்கவில்லை. பதிவுகாரர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். நான் அவர் கையில் இருந்து பேனாவை வாங்கி, ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கொடுத்தேன். எழுத்து சரியா என்று பார்ப்பதற்காக அவர் அதை உரத்து வாசித்தார். எனக்குத் தலை தானாகக் குனிந்தது.

அடுத்த கிழமை மூன்றாம் வகுப்பில் வாசிப்புப் பாடம். நான் வாசிக்க வாசிக்கப் பிள்ளைகள் திருப்பிச் சொல்வார்கள். ஒரு வரியில், உங்கள் பெயரில் பாதியாக இருக்கிற ஒரு சாதாரணச் சொல் வந்தது. தினமும் எல்லோரும் பேசுகிற சொல்தான். நாக்கு அதன் முன்னால் நின்றுவிட்டது. நான் நினைக்கவேயில்லை மாமி, என்னை அறியாமல் வேறொரு சொல்லை எடுத்துப் போட்டு வாசித்துவிட்டேன். முப்பது பிள்ளைகள் ஒரே குரலில் அதைத் திருப்பிச் சொன்னார்கள்.

நான் திருத்தவில்லை. இனியும் திருத்த மாட்டேன், உங்களுக்கு இது என் வாக்கு. அந்தச் சொல் எது என்று இங்கே எழுதவும் மாட்டேன். எழுதினால் உங்கள் பெயர் தெரிந்துவிடும்.

இப்படிக்கு,
உங்கள் பெயரைச் சொல்லாத மருமகன்